சர்வாதிகார அறிவியல் புனைவுச் சமூகங்களில் அரசே பொழுதுபோக்கை வழங்குவது ஏன்?

அடக்குமுறை அரசு கேளிக்கையை ஒழித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓய்வு நேரம் காலியாக இருந்தால் மக்கள் யோசிப்பார்கள். ஆகவே அரசே அதை நிரப்பிவிடுகிறது. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவலான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ காட்டும் உலகில், நிறையக் கருவிகள் தேவைப்படாத புதிய விளையாட்டுக்கு அனுமதியே கிடையாது. விளையாடுவதும் அங்கே நுகர்வுக் கடமைதான்.

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் ‘1984’ என்ற நாவலில் காட்டிய உலகம் இன்னும் கொடியது. பாமரர் பாடும் பாட்டுகளை இயந்திரம் இயற்றுகிறது. லாட்டரியில் சிறு தொகைகள் மட்டுமே உண்மையில் கைக்கு வருகின்றன. பெரும் பரிசு பெற்றதாக அறிவிக்கப்படுபவர்கள் இல்லாத மனிதர்கள். ஆனாலும் அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட அதற்காக நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். என் மனத்தை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்: அறிவு இருக்கிறது, அதைச் செலுத்த வேறு வழி விடப்படவில்லை. அங்கே ஆளும் கட்சியின் உறுப்பினர்களுக்கோ தனியாக உலாவப் போவதே ஆபத்து.