309 என்ற எண்ணுக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

போர் நினைவுக் குறிப்புகள் பற்றிய கட்டுரையில் லுத்மிலா பவ்லிசென்கோவின் புத்தகத்தைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். சோவியத் ராணுவத்தில் ஸ்னைப்பராக இருந்து 309 பேரைச் சுட்டவர் என்று தெரிந்ததும் எனக்கு மனம் வரவில்லை. மறைந்திருந்து கொன்றவரின் பெருமைக் கதையில் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வாலி ராமனிடம் கேட்ட கேள்வி இது. தயங்காமல் கேட்டதற்கு நன்றி.

அந்த எண்ணை முதலில் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்தபோது அவர் கீவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தார். உக்ரைனின் பிலா செர்க்வாவில் பிறந்தவர், வயது 24, ஒரு மகனுக்குத் தாய். படையில் சேரப் போனவரை நர்சாகப் போகச் சொன்னார்கள். துப்பாக்கிதான் வேண்டும் என்று நின்றார். ஆனால் களத்துக்குப் போனதும் முதலில் அவரால் சுட முடியவில்லை. பக்கத்தில் இருந்த இளம் வீரன் குண்டடிபட்டுச் செத்த பிறகுதான் கை அசைந்தது. கருங்கடல் துறைமுக நகரங்களான ஒடெசாவிலும் செவஸ்தபோலிலும் ஓராண்டுக்கும் குறைவான காலம் போரிட்டார். அதற்குள் கூடவே போரிட்ட கணவரையும் பறிகொடுத்தார். 1942 ஜூனில் அவரே படுகாயமடைந்தார். இதில் பெருமைக் கதை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

அந்த ஆண்டே அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனிக்கு எதிராக ஐரோப்பாவில் இரண்டாவது போர்முனையைத் திறக்கச் சொல்லி ஆதரவு திரட்டும் பயணம் அது. வெள்ளை மாளிகையிலேயே அவரை வரவேற்றார்கள். ஆனால் நிருபர்கள் கேட்டது என்ன? போர்முனையில் முகப்பூச்சு போடுவீர்களா, உங்கள் சீருடைப் பாவாடை ஏன் இவ்வளவு நீளம், அது உங்களைக் குண்டாகக் காட்டுகிறதே! படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. கணவரைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணிடமா இதைக் கேட்பது? சிகாகோவில் அவர் பதில் சொன்னார். எனக்கு வயது 25, இதுவரை 309 பாசிஸ்டுகளைக் கொன்றிருக்கிறேன், கனவான்களே, நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது போதாதா என்று கேட்டார். அந்த எண்ணை அவர் எதற்காகச் சொன்னார் என்று பாருங்கள்.

போருக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். அப்புறம் கடற்படைத் தலைமையகத்தில் ஆய்வுப் பணி. வரலாற்று மாணவியாகத் தொடங்கியவர் வரலாற்றுக்கே திரும்பினார். 1974இல் மாஸ்கோவில் இறந்தார். நினைவுக் குறிப்புகள் ரஷ்ய மொழியில் முழுப் புத்தகமாக வந்தது 2015இல்தான். தன் புத்தகத்தை அவர் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பயணத்தில் அவரோடு நெருக்கமானவர் அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட். 1957இல் எலினோர் மாஸ்கோ வந்தபோது லுத்மிலாவின் வீட்டுக்கே போனார். பனிப்போர்க் காலம், கூடவே கண்காணிக்க ஆள். இருவரும் ஒப்புக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று லுத்மிலா ஏதோ சாக்குச் சொல்லி அவரைப் படுக்கையறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாகக் கட்டிக்கொண்டார்.

சரி, ஒடெசா பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் மனம் ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள், பேசுவோம்.