ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

வணக்கம் ஐயா,

கோர்ட்டில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

2008-இல் எனக்கு 22 வயது. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் மேளக்காரர்கள் எந்தத் தெருவில் நிற்பது என்று தொடங்கிய பேச்சு அடிதடியில் போய் முடிந்தது. இரண்டு தரப்பு மேலும் கேஸ். எங்கள் மேல் இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1). ஒரு வருடம் வாய்தாவுக்கு அலைந்தோம். நான் வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிரு, இன்னையோட முடிஞ்சிரும்" என்று வக்கீல் குமாஸ்தாவும் சொன்னார், ஸ்டேஷன் ஏட்டும் சொன்னார். ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம். அத்தோடு மறந்தாச்சு.

இப்போது ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. வளாகத்தில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருக்கிறேன். பழைய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, வந்த புதுக் கம்பெனி எங்களை அப்படியே எடுத்துக்கொண்டது. படிவத்தில் 'எந்தக் குற்றத்துக்காவது தண்டிக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்தேன். போன வாரம் எச்.ஆரில் கூப்பிட்டு "உங்க பிஜிவி ரெட்" என்றார்கள், அதாவது என் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல் என்று. ஐந்து நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். நான் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை ஐயா. நான் தண்டனை பெற்றவனா? பேசாமல் ரிசைன் பண்ணிவிட்டு, இதெல்லாம் பார்க்காத இடமாகத் தேடிப் போய்விடலாமா?

இன்னொன்று. அண்ணன் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பஸ் ஸ்டாண்டில் நடந்த சண்டையில் அவன் மேலும் இதே மாதிரி ஒரு கேஸ். 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்' என்றுதான் அண்ணனும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், அது தண்டனைதான். குற்றத்தை ஒப்புக்கொண்டதும் மாஜிஸ்திரேட் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்து, அதற்கான தண்டனையாக அபராதம் விதித்தார். ரசீதில் இருந்தது தொகை மட்டும். தீர்ப்பு பதிவேட்டில் இருக்கிறது. கேஸ் முடிந்தது என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை, அவர்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு ஒரு கட்டு குறைந்தது, கோர்ட்டுக்கு நிலுவையில் ஒரு எண் குறைந்தது. உங்கள் கணக்கில் மட்டும் ஒரு வரி கூடியது, அதை உங்களிடம் சொல்ல அங்கே யாருக்கும் வேலை இல்லை.

நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது இதைக் காலை முழுக்கப் பார்த்திருக்கிறேன். சின்ன வழக்குகளை முதலில் எடுப்பார்கள். கோர்ட் டியூட்டி போலீஸ்காரர் தன் ஆட்களை ஏற்கெனவே சுவரோரமாக வரிசையில் நிறுத்தி வைத்திருப்பார், பட்டன் போடு, செருப்பை வெளியே விடு, ஐயா கேட்டா ஒத்துக்கிறேன்னு மட்டும் சொல்லு. பெயர் கூப்பிடுவார்கள். "உன் மேல் இப்படிக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறாயா?" "ஒத்துக்கிறேன் ஐயா." அவ்வளவுதான், அடுத்த பெயர். சிலருக்கு அபராதத்தோடு 'கோர்ட் கலையும் வரை' என்றும் போடுவார்கள். பின் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவார்கள், அது சட்டப்படி சிறைத்தண்டனை என்று தெரியாமலேயே. ஒரு வழக்குக்கு ஒரு நிமிடம் ஆனால் அதிகம். இந்த ஒரு நிமிடத்தின் அர்த்தத்தை அந்தப் பையன்களுக்கு எடுத்துச் சொல்வது யார் வேலை என்ற கேள்வி அந்த அறையில் எழுந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வழக்கில் வேறு வழிகள் இருந்தன என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அடித்துக் காயப்படுத்தியதற்கான 323-ஐயும், மிரட்டியதற்கான 506-இன் முதல் பகுதியையும் இரு தரப்பும் கோர்ட்டிலேயே சமரசம் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஆனால் 294(பி), அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, சமரசப் பட்டியலில் இல்லை. நம்மூர் அடிதடிப் புகார்களில் இந்த மூன்றும் எப்போதும் ஒன்றாகவே வரும், யார் யாரைத் திட்டினார் என்று பார்த்தெல்லாம் போடுவதில்லை. ஊர் பெரியவர்கள் சேர்ந்து ராசி பண்ணிவைத்தாலும் அந்த ஒரு பிரிவு குறுக்கே நிற்கும். வெறும் கெட்ட வார்த்தை பேசியதாலேயே அந்தப் பிரிவு வந்துவிடாது என்று 2022-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு அது பதினான்கு வருடம் லேட்.

இன்னொரு வழியும் இருந்தது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றம், அதற்கு முன் தண்டனை பெற்றதில்லை என்றால், மூன்றாம் பிரிவின்படி கோர்ட் உங்களை எச்சரித்து அனுப்பிவிடலாம். நான்காம் பிரிவின்படி நன்னடத்தைப் பிணையில் விடலாம். உங்கள் மூன்று பிரிவுகளும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் வருகின்றன. அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதற்காகச் சட்டம் வைக்கிற தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று பன்னிரண்டாம் பிரிவு சொல்கிறது. இன்னும் கேளுங்கள், இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வாய்ப்பிருந்தும் பயன்படுத்தாவிட்டால் அதற்குத் தனிக் காரணம் எழுத வேண்டும் என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-ஆவது பிரிவு கோர்ட்டுக்கே உத்தரவு போட்டிருந்தது. காலையில் கட்டுக் கட்டாக ஓடுகிற வழக்குகளில் யார் காரணம் எழுதப் போகிறார்கள்? கேட்க வக்கீலும் இல்லை, குமாஸ்தாதான் இருந்தார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது.

முதலில் அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'ரெட்' என்று வாயால் சொன்னால் போதாது. குற்ற எண், ஸ்டேஷன், கோர்ட், வழக்கு எண் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஏஜென்சிகள் பெரும்பாலும் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் வைத்து இ-கோர்ட்ஸ் மாதிரியான தளங்களில் தேடுகின்றன. நம் ஊரில் 'எஸ். முருகன், த/பெ சுப்பையா' தாலுகாவுக்கு எத்தனை பேர் இருப்பார்கள்! இனிஷியல் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் இன்னொருத்தர் பெயராகி, யாரோ செய்த திருட்டு யார் தலையிலோ விழுவதும் நடக்கிறது. அவர்கள் பிடித்திருப்பது உங்கள் 2008 கேஸைத்தானா, அல்லது வேறு எதையோவா என்று தெரியாமல் விளக்கம் எழுதக் கூடாது. கையோடு அந்த கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். பழைய கட்டு அழிக்கப்பட்டிருந்தால் அதையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கத்தை இரண்டு பாராவுக்குள் முடியுங்கள். '2008-இல் ஊர்த் திருவிழாத் தகராறில் போடப்பட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். அபராதம் கட்டுவது தண்டனைத் தீர்ப்பு என்பது எனக்குத் தெரியாது, வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன், அதனால் இல்லை என்று குறித்தேன். அதன் பிறகு என் மேல் வழக்கு எதுவும் இல்லை. தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.' இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டம் எழுத வேண்டாம், எதிர்த் தரப்பு எவ்வளவு மோசமானவர்கள் என்று எழுதவே வேண்டாம். இத்தனை வருடம் இதே வளாகத்தில் வேலை பார்த்ததைச் சொல்லி, பழைய மேலாளர் யாராவது ஒரு கடிதம் கொடுத்தால் இணைத்துவிடுங்கள்.

2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வேலைப் படிவத்தில் வழக்கை மறைத்தவர்களை என்ன செய்வது என்பதற்கு அதில் வழிமுறை வகுத்தார்கள். இளவயதில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்காக இருந்தால், மறைத்திருந்தாலும் முதலாளி பெருந்தன்மையாக விட்டுவிடலாம். படிவத்தில் குறிப்பாகக் கேட்ட தகவலை மட்டும்தான் சொல்லக் கடமை உண்டு, மொட்டையான கேள்வியை வைத்து 'மறைத்தான்' என்று சொல்ல முடியாது. அதே தீர்ப்பில் இதுவும் இருக்கிறது, உண்மையைச் சொன்னாலும்கூட வேலை தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அது அரசு வேலை பற்றிய தீர்ப்பு. உங்கள் கம்பெனி தனியார், அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்றில்லை. ஆனாலும் நல்ல எச்.ஆர். ஆட்களுக்கு அந்த அளவுகோல் புரியும். அதனால்தான் விளக்கத்தில் 'சின்ன வழக்கு, இளம் வயது, பழையது, தெரியாமல்' என்கிற நான்கும் வர வேண்டும் என்கிறேன்.

ரிசைன் பண்ணாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். விளக்கத்துக்குப் பதில் வருவதற்கு முன் நீங்களாக எழுதிக் கொடுத்தால், ஒத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் ஃபைன் கட்டியது போல ஆகிவிடும். பார்க்காத இடத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். 2016-க்குப் பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏறுகின்றன, கோர்ட் பதிவுகளும் ஏறிக்கொண்டே இருக்கின்றன, செக்யூரிட்டி வேலைக்கும் டெலிவரி வேலைக்கும்கூட இப்போது சரிபார்ப்பு கேட்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பையே மாற்ற முடியுமா என்றால், ஒத்துக்கொண்டு வாங்கிய தண்டனைக்கு அதன் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் தவிர வேறு எதிலும் அப்பீல் கிடையாது. சீராய்வு மனுவில் தண்டனையை நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் மாற்றித் தரக் கேட்கலாம், அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு மேல் கோர்ட்டுகளுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. இத்தனை வருடத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்த் தரப்போடு இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறதென்றால் இன்னொரு கதவும் உண்டு. சிறிய குற்றங்களில் தண்டனைக்குப் பிறகும் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2021-இல் ராம்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கிரிமினல் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள். செலவும் நேரமும் ஆகும், கட்டாயம் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இத்தனை சுற்று எதற்கு? இங்கிலாந்தில் 1974-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. இப்போதைய விதிப்படி அங்கே அபராதத் தண்டனை பெரியவர்களுக்கு ஓர் ஆண்டில் காலாவதி ஆகிவிடுகிறது, சாதாரண வேலைகளுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். சிங்கப்பூரில் சின்னத் தண்டனை என்றால், ஐந்து வருடம் வேறு வம்பு இல்லாமல் இருந்தால் பதிவு காலாவதி. நம் நாட்டில் வயதுக்கு வந்தவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. 18 வயதுக்குள் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு காப்பாற்றும், கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர. விடுதலையான ஒருவருக்கே இங்கே என்ன கதி என்று பாருங்கள். தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டவருக்கு மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் 2024 பிப்ரவரியில் சரி என்றார்கள், ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆனால் எம்.எல்.ஏ. ஆவதற்கு எல்லை இருக்கிறது! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தனியாகப் பட்டியலிட்ட குற்றங்கள் நீங்கலாக, இரண்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனை தகுதியைத் தொடாது. அதற்கு மேல் வாங்கினாலும் வெளியே வந்து ஆறு வருடத்தில் போட்டியிடலாம். ஐ.டி. வளாகத்தில் பைப் ரிப்பேர் மேற்பார்வை பார்ப்பதற்குத்தான் பதினேழு, பதினெட்டு வருடமும் போதவில்லை.

இப்போது பையன் விஷயம். உங்கள் கேஸைவிட இதுதான் அவசரம். அவன் மேல் போட்டிருப்பது அநேகமாக அதே மூன்றாக இருக்கும், புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் எண் மட்டும் மாறி 296(பி), 115(2), 351(2). அடுத்த வாய்தாவில் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அடிபட்ட தரப்பு சமரசத்துக்கு வருமென்றால் 115(2), 351(2) இரண்டையும் அதே கோர்ட்டில் முடித்துக்கொள்ளலாம். 296(பி)-க்கு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட வேண்டியிருக்கும். சமரசம் ஆகாமல் தண்டனை வரும் என்ற நிலை வந்தால், நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடும்படி மனுவாகவே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசம், 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். குமாஸ்தா வேண்டாம், வக்கீலே வேண்டும்.

குற்றப்பத்திரிகை நகல் அவன் கைக்கு வந்துவிட்டதா, வாய்தா என்றைக்கு? இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். அதை நான் வெளியிட மாட்டேன்.