ஒரு வாரத்தில் ஏற்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும் புது இதழ்: அனுப்பலாமா?

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஒரே வாரத்தில் ஏற்பதாக, கேள்விப்படாத புது ஆய்விதழ் மெயில் போட்டுக் கட்டணமும் கேட்கிறது என்கிறீர்கள். அனுப்பாதீர்கள்.

புதிது என்பதால் சொல்லவில்லை. இடப்பெயர்வு பற்றிய நல்ல இதழான ஆக்ஸ்போர்டின் ‘மைக்ரேஷன் ஸ்டடீஸ்’ கூட 2013-இல் வந்ததுதான். மக்கள்தொகை ஆய்விதழான ‘டெமோகிராஃபிக் ரிசர்ச்’ 1999 முதல் ஜெர்மனியின் ரோஸ்டாக்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து இணையத்தில் வருகிறது. எழுதுபவரிடமும் காசு கேட்பதில்லை, படிப்பவரிடமும் கேட்பதில்லை. கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. ஆனால் ஏற்பதற்கு முன் துறை தெரிந்த இரண்டு பேர் ஒழுங்காகப் படித்துக் கருத்துச் சொல்லவே மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரம் என்றால் யாரும் படிக்கப் போவதில்லை.

ஆசிரியர் குழுவில் நாலைந்து பேரை எடுத்து, அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

உங்கள் தலைப்புக்கு ‘மைக்ரேஷன் அண்ட் டெவலப்மென்ட்’ நல்ல பொருத்தம். அதன் ஆசிரியர் இருதய ராஜன், 1998-இல் தொடங்கிய கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தியவர்களில் ஒருவர். திரும்பி வந்தவர்களைப் பற்றிய களத் தரவின் அருமை அங்கே தெரியும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிய பிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.