கேளுங்கள், கதைப்போம்: ராசதானி எங்கே போனது?

கேள்வி: லீவில் வந்த அக்காவின் பிள்ளைகளுக்கு நல்லூரில் சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி எல்லாம் காட்டினேன். "ராசதானி என்றீர்களே சித்தி, ஒரு வளைவும் ஒரு குளமும்தானே இருக்கு?" என்று மூத்தவன் கேட்டுவிட்டான். நாவலர் வீதி நூதனசாலைக்குக் கூட்டிப்போனால் ஏதாவது விளங்குமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: பெடியன் கேட்டது நல்ல கேள்வி, பேச்சு மாற்றிவிடாதீர்கள். அநுராதபுரத்தைக் காடு மூடியது, அதனால் கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நல்லூரை விட்டு ஆட்கள் போகவேயில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பிடித்தார்கள், 1621இல் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள், அந்தக் கல் கோட்டை கட்டப் போனது என்றுதான் நம் ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். மிச்சத்தின் மேல் வீடு, கிணறு, வேலி. பழைய கோயில் நின்ற இடம் என்று சொல்லப்படும் முத்திரைச் சந்தையில் இன்று நிற்பது ஒரு தேவாலயம், நாம் கும்பிடும் கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இன்னொன்று, சங்கிலியன் தோப்பு வளைவிலும் மந்திரிமனையிலும் ஐரோப்பியக் கட்டடச் சாயல் நன்றாகவே தெரியும், ஆகவே "இங்கேதான் மந்திரி படுத்தார்" என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம்.

நூதனசாலைக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் கொழும்பில் பார்த்ததுபோல நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், சின்ன இடம். பீரங்கியும் திமிங்கில எலும்பும் பார்த்தால் சின்னதுகள் குதிக்கும், ஏழு வாய் வைத்த இசைப் பானைக்கு முன்னால் எனக்கே கொஞ்ச நேரம் போகும். மூத்தவனை மட்டும் கந்தரோடைப் பொருள்களுக்கு முன்னால் நிறுத்துங்கள். அவன் தேடும் பழமை அங்கேதான், ஏனென்றால் நல்லூர் ராசதானியாவதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேலே முன்பே கந்தரோடையில் ஊர் இருந்தது, உரோம நாணயம் வரை அங்கே கிடைத்திருக்கிறது.

பிறகு சுன்னாகம் பக்கம் போய் அந்த இடத்தையே காட்டிவிடுங்கள். நூறு வருடத்துக்கு முன் ஆய்வாளர் போல் பீரிஸ் (Paul Pieris) தோண்டிய நிலம், பனைகளுக்கு நடுவே கவிழ்த்த சட்டிகள்போலச் சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகள். வெள்ளெனப் போனால் வெயில் படாது.

அங்கே நின்று அவன் "எங்கட ஊரில் பௌத்தம் எப்படி வந்தது?" என்று கேட்பான் பாருங்கள். கேட்டால் எழுதி அனுப்புங்கள், அதற்கு இந்தப் பக்கம் காணாது.