விமானம் ஏன் விழுந்தது என்று கேட்கிற பெண்ணின் அம்மாவுக்கு

அம்மா, பிளஸ் டூவுக்குப் பிறகு மகளை என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டீர்கள். 2025 நவம்பர் 14 அன்று விமானப்படையின் பிசி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் பக்கம் விழுந்ததிலிருந்து வீட்டில் விமானம் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை என்றீர்கள். அன்று விமானி பாராசூட்டில் இறங்கித் தப்பினார். 2023 டிசம்பர் 4-ல் ஹைதராபாத் அருகே துண்டிக்கல் விமானப்படை அகாடமியிலிருந்து கிளம்பிய இதே ரக விமானம் தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் விழுந்தபோது, உள்ளே இருந்த இருவருமே இறந்துவிட்டார்கள். அதனால் 'ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் உங்கள் மகள் பைலட் ஆகவேண்டும் என்று என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இன்ஜின் நின்றதா, பறவை மோதியதா, அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் அரை மணி நேரம் துளைத்தெடுத்தாள். இதைக் கவனிக்காமல், நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன். வேண்டாம். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்கு நீங்கள் வட்டி கட்டவேண்டாம்.

ஏரோநாட்டிகல் பி.இ. பற்றியும் கேட்டீர்கள். நல்ல படிப்புதான். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு, 'இந்த விமானம் பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போட முடியாது. அதற்கு மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். ஏ.எம்.இ. என்பார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால் இதற்கான படிப்பில் சேரலாம். உரிமத்தில் பல வகை உண்டு: பி1.1 என்பது டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கு, பி2 என்பது மின்னணுக் கருவிகளுக்கு. பாடத்தை மாட்யூல் மாட்யூலாகப் பிரித்துத் தேர்வு வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பிசி-7-ல் இருப்பது பிடி6 வகை டர்போப்ராப் இன்ஜின், அதாவது ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன். சிறிய பயணிகள் விமானங்கள் பலவற்றிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். அவள் கேட்ட கேள்விகளுக்கு 15-வது மாட்யூலில் கேஸ் டர்பைனும், 17-ல் ப்ரொப்பெல்லரும் பதில் சொல்லும். 9-வது மாட்யூல் எனக்குப் பிடித்தது: தூக்கம் கெட்ட மெக்கானிக் ஒரு போல்ட்டை எப்படி மறக்கிறான் என்பதுவரை பாடம்!

இந்த உரிமம் சிவில் விமானங்களுக்குத்தான்; விமானப்படைக்குச் சொந்த டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். படிப்பு முடிந்த கையோடு உரிமம் வந்துவிடாது, அனுபவ ஆண்டுகளும் காட்டவேண்டும். அதுவரை சம்பளம் குறைவு, நைட் ஷிஃப்ட் உண்டு. இதையெல்லாம் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். 'விமானத் துறை டிப்ளமோ, வேலை உறுதி' என்று போர்டு வைத்தவர்களிடம் எல்லாம் இந்த உரிமத்துக்கான அங்கீகாரம் இருக்காது. டிஜிசிஏ இணையதளத்தில் கார்-147 (CAR-147, பயிற்சி நிறுவனங்களுக்கான டிஜிசிஏ விதி) அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். பி1.1-ஆ, பி2-ஆ, எதற்கு அங்கீகாரம் என்பதை டிஜிசிஏ கொடுத்த அங்கீகாரக் கடிதத்தில் கண்ணால் பார்த்த பிறகு முதல் தவணையை மட்டும் கட்டுங்கள்.

அப்புறம், கல்லூரிக்கு அண்ணன் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.