வீட்டோ மட்டும்தானா தடை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ஒரே ஒரு வல்லரசு எதிர்த்தால் தீர்மானம் விழுந்துவிடுகிறது. இந்த வீட்டோ அதிகாரத்தை ஒழித்துவிட்டால் போர்களைத் தடுக்கலாம் அல்லவா? பொதுச்சபையில் அத்தனை நாடுகள் இருந்தும் ஏன் வேடிக்கை பார்க்கின்றன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டிக்கும் வரைவுத் தீர்மானம் 2022 பிப்ரவரி 25 அன்று கவுன்சிலில் வாக்கெடுப்புக்கு வந்தது. 15 நாடுகளில் 11 ஆதரித்தன, 3 வாக்களிக்கவில்லை. எதிர்த்தது ரஷ்யா மட்டும். அந்த மாதம் கவுன்சிலுக்குத் தலைமை வகித்ததும் அதுவே. வரைவு தோற்றது.

பொதுச்சபை வேடிக்கை பார்த்தது என்பது மட்டும் சரியல்ல. இரண்டே நாளில் கவுன்சில் விவகாரத்தைப் பொதுச்சபையின் அவசரக் கூட்டத்துக்கு அனுப்பியது. அப்படி அனுப்புவது நடைமுறை சார்ந்த வாக்கெடுப்பு, அதில் வீட்டோ செல்லாது. 9 வாக்குகள் போதும். மார்ச் 2-ல் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. ஆனால் பொதுச்சபையின் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை வெற்றுப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காக எழுந்த நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்ட பிறகு, பொதுச்சபைதான் அமைதிப் படையை அமைத்தது.

வீட்டோ அநீதி என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதை நீக்க ஐ.நா. சாசனத்தைத் திருத்த வேண்டும். அதற்கு வீட்டோ அதிகாரம் உள்ள அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் அது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் ஆப்பிரிக்க நாடான ருவாண்டா.

1994 ஏப்ரலில் அங்கே இனப்படுகொலை தொடங்கியபோது சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் இருந்தார்கள். பெல்ஜியம், தன் வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டதும் மற்றவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கொலைகள் உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று, படையை 270 பேராகக் குறைக்கக் கவுன்சில் முடிவெடுத்தது. ஒருமனதாக! வீட்டோவுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. படுகொலையை நடத்திய அரசின் பிரதிநிதியும் அந்த ஆண்டு கவுன்சில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். இதை எழுதும்போதும் மனம் கொதிக்கிறது.

மே 17-ல் முடிவு மாறியது. 5,500 வீரர்கள் வரை அனுப்ப அனுமதி கிடைத்தது. ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது, உறுப்பு நாடுகள்தான் ஆளும் ஆயுதமும் தர வேண்டும். கை தூக்கிய நாடுகள் வீரர்களைத் தரத் தயங்கின. ஜூலையில் கொலைகள் ஓய்ந்தபோதும் அந்தப் படையில் பெரும்பகுதி ருவாண்டாவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.