பூமி ஏன் ஊதிப் பெருகவில்லை?

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஈர்ப்பியல் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, “மிஸ், ஐன்ஸ்டைன் சொன்னபடி ஈர்ப்பு ஒரு விசையே இல்லையாமே, அப்புறம் ஏன் இதைப் படிக்கிறோம்?” என்று கேட்டாள். ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். மையவிலக்கு விசையைப் போல ஈர்ப்பும் போலி விசைதான், நம்மை யாரும் கீழே இழுக்கவில்லை, தரைதான் நம்மை மேலே முடுக்குகிறது என்று அதில் சொன்னார்களாம். அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள்: “இங்கேயும் தரை மேலே முடுக்குது, பூமிக்கு அந்தப் பக்கமும் முடுக்குதுன்னா பூமி ஊதிப் பெருகணுமே மிஸ்?” எனக்குப் பதில் தெரியவில்லை. நியூட்டன் சொன்னது தவறா? தேர்வில் அவள் எதை எழுதுவது?

ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடப் பெரியது. “ஈர்ப்பு விசையே இல்லை” என்று கேட்டதும் வியந்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம். அந்தக் கூற்று உண்மையானால் வேறென்ன நடக்க வேண்டும் என்று அவள் யோசித்திருக்கிறாள். என் பாராட்டை அவளிடம் சொல்லுங்கள்.

முதலில் நியூட்டன். அவருடைய இயற்பியலுக்குள் ஈர்ப்பு உண்மையான விசைதான். அங்கே உண்மை விசையைப் போலி விசையிலிருந்து பிரித்துக் காட்டுவது மூன்றாம் விதி. பேருந்து வளைவில் திரும்பும்போது உங்களை வெளிப்பக்கம் தள்ளும் மையவிலக்கு விசையைத் தரும் பொருள் எது? அப்படி ஒன்று இல்லை. எனவே அதற்கு எதிர்விசையும் இல்லை. ஈர்ப்புக்கோ இரு முனையும் உண்டு. பூமி நிலவை இழுக்கிறது, நிலவும் பூமியை அதே அளவு இழுக்கிறது. அதனால் பூமியின் மையமும் சும்மா நிற்பதில்லை. அதிலிருந்து சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு புள்ளியை நிலவும் பூமியும் சேர்ந்தே சுற்றுகின்றன. 1798இல் கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்து இந்த இழுப்பை ஓர் அறைக்குள்ளேயே அளந்து காட்டினார்.

ஆனால் 1687இல் நியூட்டனின் நூல் வந்தபோதே அதில் விளக்கப்படாத ஓர் ஒற்றுமை இருந்தது. ஒரு பொருளை நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வதும் நிறை. ஈர்ப்பு அதை எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்வதும் அதே நிறை. மின்விசையில் இப்படிக் கிடையாது. அங்கே மின்னூட்டம் வேறு, நிறை வேறு. நியூட்டன் இதை லேசாக விடவில்லை. தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை என ஒன்பது பொருட்களை ஊசல்களில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடுகூடத் தெரியவில்லை. 2016இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள் டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட்டது. ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு என்ற துல்லியத்திலும் இரண்டும் ஒன்றுபோலவே விழுந்தன.

நிறைக்கு ஏற்பக் கச்சிதமாக அளவு மாறுவது போலி விசைகளின் குணம். பொருள் எதுவானாலும் எல்லாம் ஒரே முடுக்கம் பெறும், ஏனென்றால் முடுக்கம் அடைவது நம்முடைய குறிப்பாயம், அதாவது நாம் நின்று அளக்கும் இடம். ஈர்ப்புக்கும் அதே குணம் இருக்கிறதே! 1907இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டது இதைத்தான். தடையின்றி விழும் மனிதன் தன் எடையை உணர மாட்டான்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். செல்போனில் முடுக்கமானி இருக்கிறது. ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், ஈர்ப்பையும் சேர்த்துக் காட்டும் முடுக்க அளவீட்டைத் தேர்ந்தெடுங்கள். மேசையில் சும்மா கிடக்கும் போன் 9.8 என்று காட்டும். தலையணை மேல் விழும்படி கையிலிருந்து விட்டால், விழும் நேரத்தில் மட்டும் பூஜ்யத்துக்கு அருகே வரும். ஓய்வில் இருப்பதாக நாம் நினைக்கும் போன் முடுக்கம் பெறுவதாகச் சொல்கிறது. முடுக்கம் பெற்று விழுவதாக நாம் நினைக்கும் போன் ஒன்றுமில்லை என்கிறது. நியூட்டன் கணக்கில், மேசை மீதுள்ள போனுக்கு இரண்டு விசைகள், ஒன்றையொன்று சமன் செய்கின்றன. கருவி ஈர்ப்பை உணராது, மேசையின் தள்ளலை மட்டுமே உணரும். ஐன்ஸ்டைன் கணக்கில் மேசை தரும் ஒரே விசைதான் உண்டு. அது போனை அதன் இயல்பான பாதையிலிருந்து விலக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கருவி காட்டுவதை அப்படியே ஏற்றுக்கொள்வதால் எனக்கு இரண்டாவது கணக்கே பிடிக்கிறது.

இனி அவளுடைய கேள்வி. தெற்கே 60 பாகை அட்சக்கோட்டில் குறுக்கே எந்த நிலமும் இல்லை, உலகைச் சுற்றி வெறும் கடல். அந்தக் கோட்டிலேயே கிழக்கு நோக்கி ஒரு கப்பல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுக்கானைத் திருப்பாமல் நேராக விட்டால் கப்பல் அந்தக் கோட்டில் நிற்காது. உருண்டையின் மேல் நேர்ப்பாதை என்பது பெருவட்டம், அதாவது உருண்டையை இரு சம பாதியாகப் பிரிக்கும் வட்டம். அது கப்பலை மெல்ல மெல்ல நிலநடுக்கோட்டை நோக்கிக் கொண்டுபோய்விடும். 60 பாகையிலேயே இருக்க வேண்டுமானால் மாலுமி ஓயாமல் தென்துருவத்தின் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் திருப்பியும் அவர் துருவத்தை ஓர் அடிகூட நெருங்குவதில்லை. திருப்புவது உண்மை, தூரம் மாறாததும் உண்மை. பரப்பு வளைந்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

நிலநடுக்கோட்டின் இடத்தில் பூமியின் மையத்தை வையுங்கள், கிழக்கு நோக்கிய பயணத்தின் இடத்தில் காலத்தை வையுங்கள். நாம் எல்லோரும் காலத்தில் பயணிக்கிறோம். தடுப்பார் இல்லையென்றால், காலமும் இடமும் சேர்ந்த காலவெளியின் நேர்ப்பாதை நம்மை மையத்தை நோக்கிக் கொண்டுபோகும். அதைத்தான் விழுதல் என்கிறோம். தரை ஓயாமல் நம்மை வெளிப்பக்கம் திருப்புகிறது, நாமோ மையத்திலிருந்து அதே தூரத்தில் இருக்கிறோம். மறுபக்கத்திலும் அப்படியே. காலவெளி வளையாமல் தட்டையாக இருந்திருந்தால், எல்லாப் பக்கமும் வெளிநோக்கி முடுக்கப்படும் பூமி அவள் சொன்னபடியே ஊதிப் பெருகியிருக்கும். அது பெருகாமல் இருப்பதே வளைவுக்கான சான்று.

அந்த வீடியோவுடன் நான் முரண்படும் இடமும் இதுதான். மையவிலக்கு விசையை ஒரே அடியில் எங்குமே இல்லாமல் செய்துவிடலாம். ராட்டினத்தை விட்டு இறங்கினால் போதும். ஈர்ப்பை அப்படி ஒழிக்க முடியாது. விழும் அறைக்குள் அது மறையும், ஆனால் சிறிய அறையில், சிறிது நேரத்துக்கு மட்டும். அறை பெரிதானால், அடுத்தடுத்து மிதக்கும் இரு பந்துகள் மெதுவாக நெருங்கும், ஏனென்றால் இரண்டும் பூமியின் ஒரே மையத்தை நோக்கி விழுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக மிதப்பவை விலகும். நம் கடல்களில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவதும் நிலவின் ஈர்ப்பு இப்படி இடத்துக்கு இடம் வேறுபடுவதுதான். எந்தக் குறிப்பாயத்துக்கு மாறினாலும் இது போகாது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஈர்ப்பின் உண்மையான இருப்பு இங்கேதான்.

2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வுகளை, தேடும் அமெரிக்காவின் லிகோ கருவிகள் பிடித்ததும் இதையே. இரண்டு கருந்துளைகள் இணைந்தபோது ஏறத்தாழ மூன்று சூரியன்களின் நிறைக்கு ஈடான ஆற்றல் ஈர்ப்பலைகளாக வெளியேறியது. லிகோவின் 4 கிலோமீட்டர் நீளக் கைகள், புரோட்டானின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவான அளவு நீண்டு சுருங்கின. இவ்வளவு ஆற்றலைச் சுமந்து வரும் ஒன்றைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நியூட்டன் தவறா என்றால், அவருடைய கணக்கு எங்கே போதாமல் போகிறது என்று நமக்குத் தெரியும். புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புவதை அது தராது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துவதையும் தராது. பாடப்புத்தகக் கணக்குகளில் இந்த வேறுபாடு தலைகாட்டாது. வெற்றிடத்தின் ஊடாக ஒரு பொருள் இன்னொன்றை எப்படி இழுக்கும் என்பது நியூட்டனையும் உறுத்தியது. 1693இல் பென்ட்லி என்ற இறையியலாளருக்கு எழுதிய கடிதத்தில் இடையில் எதுவுமே இல்லாமல் அது நடக்கும் என்பது அபத்தம் என்றே எழுதினார்.

எனவே தேர்வில் அவள் ஈர்ப்பு விசை என்றே எழுதட்டும். அந்தப் பாடம் நியூட்டனின் குறிப்பாயத்தில் நின்று பேசுகிறது, அங்கே அது முழுக்கச் சரியான விடை. கப்பல் கணக்கை ஒரு பூகோள உருண்டையும் நூலும் கொடுத்து அவளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். 60 பாகைக் கோட்டில் இரு புள்ளிகளைத் தொட்டு நூலை இறுக்கினால் அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று அவளே வகுப்புக்குச் சொல்லட்டும்.